வீட்டுக்குத் தனி டின்

மூணாவது முட்டை தம்பி. எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். வெள்ளையைத் தின்னுட்டு மஞ்சக்கருவை ஜன்னல் வழியா ரோட்டுக்குத் தூக்கிப் போடுறீங்க. ஜிம்முக்குப் போறீங்களோ? கேட்கவே வேண்டாம், சட்டைக் கை பிதுங்குது. தப்பா நினைக்காதீங்க, எனக்கு ஜிம்முக்குப் போற ஆளுகளைக் கண்டாலே ஆகாது. மனசுல வச்சுக்கிட்டு வெளியில சிரிக்கிற ஆளு நான் இல்ல. பஸ்ஸுல வேற சீட்டு இருந்தா மாறி உக்காந்திருப்பேன். இல்லையே. அருப்புக்கோட்டை வரைக்கும் நீங்களும் நானும்தான்.

என் மகனும் ஜிம்முதான். ஆனா அவன் மஞ்சக்கருவைப் போட மாட்டான். உடம்புக்கு வேணுங்கற கொழுப்பு அதுலதான் இருக்குன்னு சொல்லுவான். கொழுப்பைப் பத்தி அவன் பேச ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் பேசுவான். அந்தக் கொழுப்புதான் என் குடும்பத்தைக் கெடுத்துச்சு.

நமக்கு எண்ணெய்க் கடை. முப்பத்தோரு வருஷமா அதே பஜார், அதே கடை. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், பாமாயில், எல்லாம் சில்லறையும் உண்டு, டின் கணக்கிலயும் உண்டு. முதல்ல எங்கப்பா பேருல இருந்துச்சு. எனக்கு ஆம்பளப் பிள்ளை பிறந்ததும் போர்டை மாத்தினேன். 'அமுதரசன் ஆயில் ஸ்டோர்'. என் மகன் பேரு. வீட்டுல அரசுன்னு கூப்பிடுவோம். கைக்குழந்தை பேருல கடை வச்ச அப்பன் எங்க ஊர்ல எத்தனை பேரு இருக்கான்னு நீங்க விசாரிச்சுப் பாக்கலாம்.

அவனை எப்படி வளர்த்தேன்னா கேக்குறீங்க? மூணு வயசுல அவனுக்குச் சளி. நெஞ்சு கர்ருகர்ருன்னு இழுக்கும். டாக்டரம்மா சொன்னாங்க, பிள்ளைக்குச் சுத்தமான எண்ணெயில சமைச்சுக் குடுங்கன்னு. அன்னைக்கே முடிவு பண்ணினேன். பந்தல்குடிப் பக்கம் ஒரு செக்குக்காரர். அவர்ட்ட நேரா நம்ம கண்ணு முன்னால கடலையைப் போட்டு ஆட்டி, டின்ல அடைச்சு, மூடியில சிவப்புத் துணி கட்டி வீட்டுக்குக் கொண்டாந்திருவேன். கடைக்குப் போகாது. வீட்டுக்குத் தனி டின். அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும் கடை எண்ணெயில ஒரு சொட்டு என் பிள்ளை வாய்க்குள்ள போனதில்ல. இதைவிட ஒரு அப்பன் என்ன செய்யணும்?

கடை எண்ணெய்க்கு என்னவா? ஒண்ணும் இல்ல. சேர்மானம் உண்டு. எல்லா ஊர்லயும் உள்ளதுதான். நாலு டின் கடலை எண்ணெய்க்கு மூணு டின் பாமாயில். கலப்படம்னு சொல்றாங்க, அந்த வார்த்தை எனக்குப் பிடிக்காது. கலப்படம்னா செங்கல் பொடி, மரத்தூள். இது எண்ணெயோட எண்ணெய் சேர்றது. பாமாயில் என்ன விஷமா? ரேஷன்ல சர்க்காரே குடுக்குது. ஊரே அதுலதான் பூரி சுடுது. சேர்மானம்தான். அதைச் சேர்மானம்னே சொல்லுங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம். அரசு பி.காம் முடிச்சிட்டு போலீஸ் எஸ்.ஐ. வேலைக்குப் படிக்கிறான். எழுத்துப் பரீட்சை மட்டும் பத்தாது, ஓடணும், கயிறு ஏறணும், நெஞ்சளவு வேணும். அதுக்காக ஜிம்முல சேர்ந்தான். பழைய அரிசி மில் ஷெட்டுல சூசைராஜ்னு ஒருத்தர் நடத்துறாரு. எல்லாரும் மாஸ்டர்னு கூப்பிடுறது. ஒரு காலத்துல ஜில்லாவுக்குப் பளு தூக்கின ஆளாம். இப்ப பாத்தா ஒரு பீரோவுக்குப் பேண்ட் மாட்டி விட்ட மாதிரி இருப்பாரு.

அந்த ஆளு சொல்லிக் குடுத்துட்டாரு. அரசு ஒரு நாள் வீட்டுக்கு வந்து நேரா அடுப்படிக்குப் போனான். டால்டா டப்பாவை எடுத்துக் குப்பையில போட்டான். வடை சுட்டு எடுத்து வச்சிருந்த எண்ணெயை, பாதிக் கிண்ணம் இருக்கும், சாக்கடையில ஊத்தினான். சுட்ட எண்ணெயை மறுபடி சுடக் கூடாதாம். அவங்க அம்மா சந்தனமாரி, வாயைப் பொத்திக்கிட்டு வேடிக்கை பாக்குறா.

"அம்மா, பொரிக்க வறுக்கக் கடலை எண்ணெய். பொடிக்கு, துவையலுக்கு நல்லெண்ணெய். சோத்துல நெய் ஒரு ஸ்பூன், அதுக்கு மேல வேண்டாம். நாள் ஒண்ணுக்கு எல்லாம் சேர்த்து எனக்கு நாலு ஸ்பூன் எண்ணெய்தான்" அப்படிங்கறான்.

நான் சொன்னேன், "ஏன்டா, எண்ணெய்க் கடைக்காரன் மகன் எண்ணெயை ஸ்பூன்ல அளக்குறியே, ஊர்ல பாக்குறவன் சிரிக்க மாட்டானா?"

"எண்ணெயே வேண்டாம்னு சொல்லலப்பா. எண்ணெய் இல்லாமச் சாப்பிட்டா சதை ஏறாது. ஆனா நல்ல எண்ணெயா இருக்கணும், அளவா இருக்கணும். உறையுற கொழுப்பு கொஞ்சமாத்தான் இருக்கணும்."

"இதெல்லாம் அந்தப் பீரோ சொன்னாரா?"

"மாஸ்டர் சொன்னாரு" அப்படின்னான். மாஸ்டர்ங்கற வார்த்தையைச் சொல்லும்போது முதுகு நிமிருது. அப்பாங்கும்போது நிமிர்ந்து நான் பாத்ததில்ல.

அவங்க அம்மா அன்னைக்கே ஒரு அளவு ஸ்பூன் வாங்கிக்கிட்டா. இருபத்தஞ்சு வருஷமா கரண்டியில ஊத்தின பொம்பளை, மருந்து குடுக்கற மாதிரி தோசைக்கு ஊத்துறா. எனக்கும் அதே தோசைதான்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கிட்டேன். அடுத்தது கேளுங்க. இவன் ஜிம்முல போய்ப் பெருமை அடிச்சிருக்கான். எங்க வீட்டு எண்ணெயைச் சாப்பிட்டுப் பாருங்க, எங்கப்பா கடை எண்ணெய் மாதிரி ஜில்லாவுல கிடையாதுன்னு. அவனுக்கு எப்படித் தெரியும், வீட்டு டின்னும் கடை டின்னும் ஒண்ணுன்னு நினைச்சிட்டான். நான் சொன்னதில்ல. சொல்ல வேண்டிய அவசியம் வரல.

ஒரு நாள் காலையில அந்த மாஸ்டரே கடைக்கு வந்துட்டாரு. அரசும் கூட நிக்கிறான். மாஸ்டர் கும்பிட்டாரு. நல்ல மரியாதையாத்தான் பேசினாரு, அதைச் சொல்லணும்.

"அண்ணாச்சி, நம்ம பிள்ளைக எல்லாம் ஏழைப்பட்ட வீட்டுப் பிள்ளைக. புரோட்டீன் பவுடரு டப்பா வாங்க வழியில்ல. முட்டை, கடலை, மத்தி மீன், அதோட நல்ல எண்ணெய், இதை வச்சுத்தான் உடம்பு ஏத்துறோம். உங்க எண்ணெய் சுத்தமானதுதானே?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் மகன் சாப்பிடறதும் கடலை எண்ணெய்தான் மாஸ்டர்."

இதுல பொய் எங்க இருக்கு? சொல்லுங்க. அவன் சாப்பிடறது கடலை எண்ணெய்தானே. அரசு என்னைப் பாத்தான். அந்த மாதிரி அவன் என்னைப் பாத்து ரொம்ப நாளாச்சு. சின்னப்பிள்ளையில தோள்ல தூக்கிட்டுத் திருவிழாவுக்குப் போனா மேலருந்து குனிஞ்சு பாப்பானே, அந்தப் பார்வை. அதுக்காகவே இன்னும் நாலு பொய் சொல்லலாம். நான்தான் சொல்லலையே.

அதுக்கப்புறம் வியாபாரம் சூடு பிடிச்சிருச்சு. ஜிம்முப் பிள்ளைக, அதுக வீடு, பக்கத்து வீடு. அரசே காலையில கடைக்கு வந்து பீப்பாயிலருந்து பாட்டில்ல பிடிச்சு, லேபிள் ஒட்டி, பையில போட்டுச் சைக்கிள்ல கொண்டுபோய்க் குடுப்பான். போலீஸ் ஆகப் போற பையன் எண்ணெய்ப் பாட்டில் தூக்குறானேன்னு எனக்கே கூச்சமா இருந்துச்சு. அவனுக்கு இல்ல. லேபிள்ல அவன் பேரு. அதைக் கோணாம ஒட்டுவான்.

அந்தக் கூட்டத்துல ஒரு பொண்ணு, பேச்சியம்மாள். காலேஜுல ரெண்டாம் வருஷம். அவ அம்மா நூல் மில்லுல வேலை. பொட்டப்பிள்ளை பளு தூக்குது தம்பி. நானே ஒரு நாள் பாத்தேன், நம்ம கடையில ஆம்பளையாளு ரெண்டு பேரு சேர்ந்து நகர்த்துற பீப்பாயை அவ ஒத்தையில சாச்சு உருட்டிட்டா. ஸ்டேட் போட்டிக்குப் போறதுக்குத் தயாராகிட்டிருந்தா. ஜெயிச்சா விளையாட்டுக் கோட்டாவுல வேலை கிடைக்கும்னு சொன்னாங்க. அந்த வீட்டுக்கு அதுதான் நம்பிக்கை.

சித்திரை வெயில் வந்துச்சு. எங்க ஊரு வெயில் தெரியுமில்ல. எண்ணெய் வெயில்ல காறிப்போகும், இருட்டுல, குளுகுளுன்னு இருக்கற இடத்துல வைங்கன்னு அந்த மாஸ்டர் சொல்லிருக்காரு. பேச்சி அதைக் கேட்டுக்கிட்டு ஃபிரிட்ஜுல வச்சிட்டா. ரெண்டு நாள் கழிச்சு எடுத்துப் பாத்தா, பாட்டிலைக் கவுத்தினா எண்ணெய் விழல. வெள்ளையா உறைஞ்சு நிக்குது.

அதைத் தூக்கிக்கிட்டு ஜிம்முக்குப் போயிருக்கா. அரசு அவகிட்டச் சண்டை போட்டிருக்கான். எங்கப்பா கடை எண்ணெயைச் சந்தேகப்படுறியா, கடலை எண்ணெயும் குளிர்ல உறையும்னு. உண்மைதான், கடலை எண்ணெயும் உறையும். நானே சொல்லிக் குடுத்தது. அந்தப் பொண்ணு பாட்டிலை அவன் கையில குடுத்துட்டு, "பாத்துச் சொல்லுங்கண்ணே"ன்னு போயிட்டாளாம்.

அதோட விட்டிருந்தா முடிஞ்சிருக்கும். இவன் பாத்துச் சொல்றதுக்கு உக்காந்துட்டான்.

அது ஒரு ஞாயித்துக்கிழமை. மத்தியானம் சாப்பிட உக்காந்தோம். கோழிக் குழம்பு. அரசு ஃபிரிட்ஜத் திறந்து ரெண்டு கண்ணாடி டம்ளரைக் கொண்டாந்து என் இலைக்கு முன்னால வச்சான்.

"அப்பா, ரெண்டுமே நம்ம கடலை எண்ணெய். இது நம்ம வீட்டு டின்ல எடுத்தது. இது பேச்சி பாட்டில்ல எடுத்தது. ஒரே நேரத்துல வச்சு, ஒரே நேரத்துல எடுத்தேன்."

பாத்தேன். வீட்டு எண்ணெய் கஞ்சி மாதிரி லேசாத் தடிச்சிருக்கு, சாச்சா நகருது. இன்னொண்ணுல ஸ்பூனைக் குத்தி வச்சிருக்கான். ஸ்பூன் நிக்குது.

"ஃபிரிட்ஜுல ஒரு மூலை குளுரும், ஒரு மூலை குளுராது" அப்படின்னேன்.

"டம்ளரை மாத்தி மாத்தி வச்சு மூணு தடவை பாத்துட்டேம்பா."

"விளைச்சல் மாறும்டா. ஒரு ஊர்க் கடலை மாதிரி ஒரு ஊர்க் கடலை இருக்காது."

"ரெண்டும் நம்ம கடலைதானப்பா?"

நான் சாப்பிடுற நேரத்துல என்னடா கோர்ட்டுன்னு சத்தம் போட்டேன். கோவம் வராதா? என் சோத்தைத் தின்னு, என் ஃபிரிட்ஜுல என் எண்ணெயை வச்சு என்னையவே சோதனை பண்றான். அவன் டம்ளரைத்தான் பாத்துக்கிட்டு இருக்கான். அப்பத்தான் சந்தனமாரி எந்திரிச்சா. இவ ஒருத்தி. கல்யாணமான நாள்லருந்து என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. வந்து அந்த ஸ்பூன் நிக்கிற டம்ளரை எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போனா. சட்டி வைக்கிற சத்தம் கேக்குது. வெங்காயம் போடுற சத்தம் கேக்குது. ரெண்டு முட்டையை உடைச்சு ஊத்தினா. வறுத்துக் கொண்டாந்து என் இலையில வச்சா.

"சாப்பிடுங்க" அப்படின்னா.

அவ்வளவுதான் சொன்னா. ஸ்பூன்ல அளந்து ஊத்துறவ, அன்னைக்கு டம்ளரோட ஊத்திருக்கா. இலையில எண்ணெய் ஓடுது.

எனக்கு அன்னைக்குக் காலையிலருந்தே வயிறு சரியில்ல தம்பி. சத்தியமாச் சொல்றேன். கோழி வேற ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாச்சு. வயிறு சரியில்லாதவன் எப்படி முட்டை திம்பான்? கையை உதறிட்டு எந்திரிச்சிட்டேன். எந்திரிச்சதைத் தவிர நான் ஒண்ணும் செய்யல.

அதுக்கு அரசு என்ன சொன்னான் தெரியுமா? "சரிப்பா, தெரிஞ்சுபோச்சு" அப்படின்னான். மெதுவாச் சொன்னான். அடிச்சிருந்தாக்கூட அந்தளவுக்கு வலிச்சிருக்காது. என்ன தெரிஞ்சுச்சு அவனுக்கு? ஒரு மனுசனுக்கு வயிறு சரியில்லன்னு தெரிஞ்சுச்சு.

அவங்க அம்மா அந்த முட்டையை எடுத்து உக்காந்து சாப்பிட்டா. முழுசும். எங்களைப் பாக்காமச் சாப்பிட்டா. நான் வேண்டாம்னு கையைப் பிடிச்சேன். அவ நிமிந்து, "ஏங்க, ஊரு சாப்பிடுறதுதான?" அப்படின்னா.

மறுநாளு அரசு வீடு வீடாப் போனான். பாட்டிலை எல்லாம் திரும்ப வாங்கினான். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு, நான் தெரியாமக் குடுத்திட்டேன், மன்னிச்சிருங்கன்னு சொல்லிருக்கான். யோசிச்சுப் பாருங்க. போற வழியெல்லாம் என் மானத்தை இறக்கி வச்சிக்கிட்டே போயிருக்கான். பஜார்ல என்கூட டீ குடிக்கிறவங்க டீயை முடிச்சிட்டு ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போறாங்க.

பேச்சியும் அந்த மாஸ்டரும் கடைக்கு வந்தாங்க. மாஸ்டர் வெளியில படியிலேயே நின்னுக்கிட்டாரு. அந்தப் பொண்ணுதான் உள்ள வந்துச்சு.

நான் முந்திக்கிட்டேன். "பாப்பா, பாமாயில் ஒண்ணும் கெட்டது இல்ல. ரேஷன்லயே குடுக்குறாங்க."

"ஆமா அண்ணாச்சி, எங்க வீட்டுலயும் அதுதான் சாப்பிட்டோம். பாமாயில்தான் வேணும்னா ரேஷன்லயே வாங்கிருப்பேன். எங்கம்மா ரெண்டு ஷிஃப்ட் பாத்து உங்ககிட்டக் கடலை எண்ணெய் வாங்கினாங்க. அவங்க ஒரு சொட்டு தொடல. எல்லாம் எனக்குன்னு எடுத்து வச்சாங்க."

நான் ஒரு பாட்டில் நல்லெண்ணெயை எடுத்து இனாமா நீட்டினேன். நல்லெண்ணெயில நான் கை வைக்கிறதில்ல, வாசனை காட்டிக் குடுத்திரும். அவ அதைப் பாத்தா. கையை நீட்டல. படியில நின்ன மாஸ்டர், "வா பேச்சி, பிராக்டிஸுக்கு நேரமாச்சு" அப்படின்னாரு. என்னை ஒரு பார்வைகூடப் பாக்கல. பீரோ.

அடுத்த வாரம் அதிகாரிக வந்து கடையில சாம்பிள் எடுத்தாங்க. யாரு எழுதிப் போட்டதுன்னு நினைக்கிறீங்க? மொட்டைக் கடிதாசியா? இல்ல. கீழ கையெழுத்து, விலாசம், போன் நம்பரு எல்லாம் போட்டு அமுதரசன். பெத்த மகன். எதிரிகூடப் பேரு போடாம எழுதுவான் தம்பி.

நான் கேட்டேன். "ஏன்டா, நான் உனக்கு என்ன குறை வச்சேன்? உன் வாயில ஒரு சொட்டு அதை விட்டிருக்கேனா?"

"அதாம்பா" அப்படின்னான். "அதாம்பா என்னால தாங்க முடியல."

இதுக்கு என்ன அர்த்தம்? எனக்கு இன்னைய வரைக்கும் புரியல. நல்லது செஞ்சதைத் தாங்க முடியலன்னு சொல்ற மகனை நான் எங்கயும் பாத்ததில்ல.

சாம்பிள் ரிசல்ட்டு வந்துச்சு. தரம் இல்லன்னு எழுதிட்டாங்க. விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ். எனக்கு ஒரு வக்கீல் உண்டு, நல்ல கெட்டிக்காரரு. அவரு எல்லாத்தையும் கேட்டுட்டுச் சொன்னாரு: "அண்ணாச்சி, கடை யாரு பேருல இருக்கு?"

"மகன் பேருல. போர்டு மட்டும்தான். லைசென்ஸ் என் பேரு."

"பாட்டில்ல பிடிச்சது யாரு? லேபிள் ஒட்டினது யாரு? வீடு வீடாக் குடுத்தது யாரு?"

"மகன்."

"அப்ப அந்த மாசத்துல கடைப் பொறுப்பு அவன்கிட்ட இருந்துச்சு, பீப்பாயில என்ன ஊத்தினான்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. உங்க தலை தப்பும்."

நான் உடனே ஒத்துக்கிடல. ஒரு நாள் முழுக்க யோசிச்சேன். அவன் எஸ்.ஐ. எழுத்துப் பரீட்சையில பாஸாகிட்டான், உடல் தகுதித் தேர்வு வரப் போகுது, பேருல ஒரு வழக்கு இருந்தா சிக்கல்தான். தெரியும். தெரியாமப் பேசுற ஆளு நான் இல்ல. ஆனா அவன் சின்ன வயசு. இருபத்தஞ்சு. இந்த வேலை இல்லன்னா இன்னொரு வேலை. எனக்கு அறுபதாகப் போகுது, இந்தக் கடையை விட்டா எனக்கு என்ன இருக்கு? அதுவும் போக, கடை அவனுக்குத்தான் வரப் போகுது. அவனோட கடையை அவனைக் கொண்டு காப்பாத்துறேன். அப்படித்தான் நான் நினைச்சேன். நீங்களே நடுநிலையாச் சொல்லுங்க. ஏன் அப்படிப் பாக்குறீங்க?

விசாரணை கலெக்டர் ஆபீஸ்ல. ஃபேன் கிரீச்சுக்கிரீச்சுங்குது. மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, நல்ல பொம்பளை அதிகாரி, அமைதியாப் பேசுவாங்க. இந்தப் பக்கம் நானும் வக்கீலும். புகார் குடுத்தவன்னு அரசை வரச் சொல்லிருந்தாங்க. அவன்கூட அவங்க அம்மா வந்து பின்னால பெஞ்சுல உக்காந்திருக்கா. ஏன் வந்தாளோ எனக்குத் தெரியாது. வீட்டுல என்கிட்டப் பேசியே ரெண்டு மாசம்.

வக்கீல் சொல்லிக் குடுத்ததை அப்படியே சொன்னேன். எனக்கு வயசாச்சும்மா, அந்தக் காலத்துல கடையை மகன்தான் பாத்தான், போர்டும் அவன் பேருதான், ஜிம்முக்குப் போற பழக்கத்துல காசு தேவைப்பட்டுக் கலந்திருக்கான், பெத்த பாவத்துக்கு நான் வந்து நிக்கிறேன்னு. கடைசி வரி நானாச் சேர்த்தது. சொல்லும்போது எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

அதிகாரி அரசைப் பாத்து, "நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டாங்க.

அவன் வாயைத் திறக்கல. திறந்திருந்தா நான் சமாளிச்சிருப்பேன். என்னையே பாக்குறான். அவ்வளவு பெரிய உடம்பு, கழுத்தெல்லாம் நரம்பு ஓடுது, கண்ணு மட்டும் மூணு வயசுல இழுப்பு வந்து என் மடியில கிடந்தப்ப இருந்த மாதிரியே இருக்கு. அதிகாரி மறுபடி கேட்டாங்க. தலையைக் குனிஞ்சிக்கிட்டான்.

பின்னால பெஞ்சுலருந்து சத்தம். "அம்மா, நான் ஒண்ணு சொல்லலாமா?"

வக்கீல் எந்திரிச்சு அவங்க பேரு பட்டியல்ல இல்லன்னாரு. அதிகாரி கையைக் காட்டி அவரை உக்காரச் சொன்னாங்க.

சந்தனமாரி எந்திரிச்சு நின்னா. முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டா. அவளுக்கு நாலு பேரு முன்னால பேசிப் பழக்கம் கிடையாது. கல்யாண வீட்டுலகூட மூலையில உக்காந்திருப்பா.

"எங்க வீட்டுக்குத் தனியா எண்ணெய் வருதும்மா. கடையிலருந்து வராது. வெளியில ஆட்டி வாங்கிட்டு வருவாரு. கடை எண்ணெயை வீட்டுக்குக் கொண்டு வரவே கூடாதும்பாரு. இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான். முத டின் வந்தப்ப இவனுக்கு மூணு வயசும்மா."

அவ்வளவுதான். உக்காந்துட்டா.

அந்த அதிகாரி எழுதுறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. வக்கீல் தன்னோட பேனாவைப் பாத்தாரு. பிள்ளைக்கு நல்லது செஞ்சதை எனக்கு எதிரா எடுத்து வச்சா நான் என்ன சொல்றது? கட்டின பொண்டாட்டி தம்பி. என் கையால தூக்கிட்டு வந்த டின். ஒவ்வொண்ணும் பதினஞ்சு கிலோ.

அபராதம் போட்டாங்க. லைசென்ஸை நாலு மாசம் நிறுத்தி வச்சாங்க. மகன் பேருல ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டாங்க. வெளியில வந்தோம். வெயில்னா வெயில். நான் ஆட்டோ கூப்பிட்டு, "ஏறு"ன்னேன். சந்தனமாரி ஏறல. மகனைப் பாத்து, "பஸ்ஸு எங்கய்யா நிக்கும்?"னு கேட்டா. ரெண்டு பேரும் வெயில்ல நடந்து போனாங்க. அவன் அவ பையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டான். அவ்வளவு வேகமா நடக்குறவன், அவளுக்காக மெதுவா நடந்தான். திரும்பிப் பாப்பாங்கன்னு ஆட்டோக்காரனை நிக்க வச்சிருந்தேன்.

இப்ப அவ சாத்தூர்ல அவ தம்பி வீட்டுல இருக்கா. அரசு செலக்ட் ஆகிட்டான். சென்னைப் பக்கம் டிரெய்னிங்காம். ஊரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். பேச்சி ஸ்டேட்ல மூணாவது வந்தா, பேப்பர்ல போட்டோ போட்டிருந்தான், அந்தப் பீரோவும் பக்கத்துல நிக்கிறாரு. போட்டோவுல அவ அம்மாவையும் நிக்க வச்சிருந்தாங்க. நோஞ்சான் மாதிரி இருந்தாங்க.

கடையைத் திறந்துட்டேன். இப்ப சேர்மானம் கிடையாது. நிஜமாச் சொல்றேன், பீப்பாயில இருக்கறது அச்சு அசல் கடலை எண்ணெய். வாங்க ஆளு இல்ல. வர்றவன் எல்லாம் "பாமாயில் ஒரு லிட்டர் குடுங்க அண்ணாச்சி"ங்கறான். என்கிட்டப் பாமாயில்னு கேட்டு வாங்கினாத்தான் ஏமாற மாட்டோம்னு நினைக்கிறான் போல. எப்படி இருக்கு பாருங்க ஊரு.

மதுரைக்கு எதுக்கு வந்தேன்னு கேக்க மாட்டீங்களா? வயித்துக்குத்தான். நெஞ்சு எரியுது, புளிச்ச ஏப்பம், ஒரு வருஷமாகப் போகுது. டாக்டரு டியூப் விட்டுப் பாத்தாரு. எங்க சாப்பிடுறீங்கன்னு கேட்டாரு. மெஸ்ஸுலன்னேன். வீட்டுச் சாப்பாடு சாப்பிடுங்க, நல்ல எண்ணெயாப் பாத்துச் சமைக்கச் சொல்லுங்கன்னு எழுதியே குடுத்திருக்காரு. அதுக்கு ஐந்நூறு ரூபா ஃபீஸு.

பஜார்ல நம்ம கடைக்கு எதுத்தாப்புல ஒரு மெஸ்ஸு. தர்மலிங்கம்னு ஒருத்தர் நடத்துறாரு. பத்து பன்னெண்டு வருஷமா நம்மகிட்டத்தான் டின் எடுத்துக்கிட்டிருந்தாரு. அந்த விஷயத்துக்குப் பிறகு நிறுத்திட்டாரு. சண்டை ஒண்ணும் போடல. இப்ப மூணு வேளையும் அங்கதான் எனக்குச் சாப்பாடு. நேத்து மத்தியானம் வாழைக்காய் வறுவல் வச்சாரு. வாயில வச்சா ஒரு மாதிரி இருந்துச்சு. முப்பத்தோரு வருஷம் எண்ணெயோட கிடந்தவன், நாக்குக்குத் தெரியாதா.

"தர்மலிங்கம், இது என்ன எண்ணெய்?"னு கேட்டேன்.

குழம்பு வாளியோட நின்னாரு. சாப்பிடுற ஆளுக நாலஞ்சு பேரு நிமிந்து பாத்தாங்க.

"சுத்தமான கடலை எண்ணெய் அண்ணாச்சி" அப்படின்னாரு. "முன்னாடி உங்ககிட்ட எடுப்பமே, அதே எண்ணெய்தான்."

அவரு சிரிக்கல. மத்தவங்களும் சிரிக்கல. இன்னொரு கரண்டி வறுவல் எடுத்து என் இலையில வச்சாரு. வச்சிட்டு அங்கேயே நிக்கிறாரு.

சாப்பிட்டேன் தம்பி. மூணு வேளைக்கும் வேற எங்க போறது?